ஒரே ஆவணம், இரண்டு வாசல்

இறுதியாண்டு பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய ப்ராஜெக்டுக்கு ஒரு தர ஆவணம் தேவைப்பட்டிருக்கிறது; ஒரு பொருளோ நுட்பமோ எப்படி இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வகுத்து வைத்த விதிப்புத்தகம். விலையைப் பார்த்தால் நூற்றைம்பது சுவிஸ் பிராங்குக்கு மேல். நம் பணத்தில் பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. "உலகமே பின்பற்ற வேண்டும் என்று எழுதிய ஆவணத்துக்கு எதற்கு இவ்வளவு விலை? எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் அந்த அமைப்புகளே நின்றுபோகும் என்கிறார் எங்கள் சார். உண்மையா?"

நின்றுபோகாது. ஐ.எஸ்.ஓ. இருக்கும் அதே ஜெனீவாவில், அதே மாதிரி வேலையைச் செய்யும் இன்னொரு அமைப்பு 2007இல் தன் ஆவணங்களைத் திறந்துவிட்டது. இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அந்தக் கதைக்குள்ளேயே இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். நான் தொலைத்தொடர்பு மென்பொருளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். இந்த ஆவணங்களைப் படித்து அதன்படி நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், சுருக்கமாக ஐ.டி.யூ., 1865இல் பாரிஸில் பிறந்தது. அப்போது ஒரு நாட்டிலிருந்து கிளம்பும் தந்தி எல்லையோடு நின்றுவிடும். அங்கே அதைத் தாளில் எழுதி, அடுத்த நாட்டு ஊழியர் கையில் கொடுத்து, அவர் மறுபடி முதலிலிருந்து தட்டி அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு குறியீடு, ஆளுக்கொரு கட்டணம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க இருபது ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து உட்கார்ந்து போட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்த அமைப்பு இது. இன்று ஐ.நா.வின் சிறப்பு முகமைகளில் ஒன்று. உங்கள் போன் எண்ணுக்கு முன்னால் வரும் 91 அதன் ஈ.164 ஆவணத்தின்படி அமைந்த எண். வங்கி இணையதளத்தைத் திறக்கும்போது பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் சான்றிதழின் வடிவம் அதன் எக்ஸ்.509. யூட்யூபில் ஓடும் வீடியோக்களுக்குப் பயன்படும் வடிவங்களில் ஒன்று எச்.264. பழைய டயல்-அப் மோடம் பெட்டியில் "வி.90" என்று அச்சிட்டிருந்தது நினைவிருப்பவர்களுக்கு, அதுவும் இவர்கள் வைத்த பெயர்தான்.

அந்தக் காலத்தில் இந்த ஆவணங்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் புத்தகங்களாக வரும். ஒவ்வொரு முறையும் அட்டைக்கு ஒரு நிறம். 1980இல் மஞ்சள், 1984இல் சிவப்பு, 1988இல் மெல்போர்ன் கூட்டத்துக்குப் பிறகு நீலம். அந்த நீலப் புத்தகம் என்பது ஒரு புத்தகம் இல்லை. கிட்டத்தட்ட இருபதாயிரம் பக்கம், அலமாரி நிறையத் தொகுதிகள். முழுதாக வாங்குவது ஒரு சின்ன நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ கட்டுப்படியாகாது.

கார்ல் மாலமுட் என்ற அமெரிக்கர் கணினி வலைப்பின்னல் பற்றிப் புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். இந்த ஆவணங்கள் இல்லாமல் அவர் வேலை நடக்காது, வாங்கினாலோ கட்டுப்படியாகாது. அதைப் பற்றிப் பத்திரிகையில் கடுமையாகவே எழுதினார். ஐ.டி.யூ.வுக்குள்ளேயே அவர் சொல்வது சரி என்று நினைத்த ஒருவர் இருந்தார், டோனி ருட்கோவ்ஸ்கி. அவர் விஷயத்தைப் பொதுச்செயலாளர் பெக்கா டார்யான்னேவிடம் கொண்டுபோனார். ஒரு சோதனையாக நீலப் புத்தகத்தை இணையத்தில் போட்டுப் பார்க்கலாம் என்று 1991இல் அனுமதி கிடைத்தது.

அனுமதி கிடைத்ததும் வேறொரு சிக்கல். ஐ.டி.யூ.விடம் ஆவணங்கள் கணினி நாடாக்களில்தான் இருந்தன, ஆனால் அவை ஒரு பழைய அச்சுக்கோப்பு அமைப்பின் வடிவத்தில் இருந்தன. அந்த வடிவத்துக்கு விளக்கக் குறிப்பு சரியாகக் கிடைக்கவில்லை. உலகத்துக்கே தரவு வடிவங்களை வகுத்துக் கொடுக்கும் அமைப்பின் சொந்த ஆவணங்கள் யாருக்கும் புரியாத வடிவத்தில் கிடந்தன என்பது எனக்கு இன்றும் மனதை உறுத்தும் விஷயம். மாலமுட்டும் அவருடன் இருந்தவர்களும் எழுத்து எழுத்தாக அதைக் கட்டவிழ்த்துப் படிக்கும்படி மாற்றினார்கள். மத விரோதக் கருத்துகளுக்காக 1600இல் ரோமில் எரித்துக் கொல்லப்பட்ட சிந்தனையாளர் ஜோர்தானோ புரூனோவின் நினைவாக அந்த முயற்சிக்கு "புரூனோ" என்று பெயர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு கணினியில் ஆவணங்கள் ஏறின. அங்கிருந்து பல நாடுகளில் நகல் எடுத்து வைத்தார்கள்.

சில மாதங்கள்தான். 1991 முடிவதற்குள் ஐ.டி.யூ. மனம் மாறி, எடுத்துவிடச் சொன்னது. விற்பனை வருமானம் போய்விடும் என்ற கவலை. உங்கள் சார் இன்றைக்குச் சொல்லும் அதே காரணம்.

அதே வருடங்களில் இன்னொரு பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். கணினிகளை இணைக்க ஐ.எஸ்.ஓ.வும் ஐ.டி.யூ.வும் சேர்ந்து ஓ.எஸ்.ஐ. என்று ஒரு பெரிய விதிமுறைக் குடும்பத்தை வடிவமைத்திருந்தன. பாடத்தில் ஏழு அடுக்கு மாடல் என்று மனப்பாடம் செய்திருப்பீர்களே, அதுதான். அரசுகள் அதன் பக்கம் இருந்தன. அமெரிக்க அரசே தன் துறைகள் அதையே வாங்க வேண்டும் என்று விதி போட்டது. எதிரில் இருந்தது, இன்றைய இணையம் ஓடும் விதிமுறையான டி.சி.பி./ஐ.பி. அதன் ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர், "கருத்துச் சொல்லுங்கள்" என்று பொருள்படும் பணிவான பெயர். முதல் ஆர்.எஃப்.சி.யை 1969 ஏப்ரல் 7ஆம் தேதி ஸ்டீவ் குரோக்கர் என்ற பட்டமேற்படிப்பு மாணவர் எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், நகல் எடுத்துப் பக்கத்து மேஜைக்குக் கொடுக்கலாம்.

எது வென்றது என்று உங்களுக்கே தெரியும். ஆவணம் இலவசமாகக் கிடைத்ததுதான் ஒரே காரணம் என்று சொன்னால் அது மிகை. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு டி.சி.பி./ஐ.பி. நிரல் சேர்ந்தே வந்தது, வடிவமைப்பு எளிமையாக இருந்தது, ஓ.எஸ்.ஐ. குழுக்கள் முடிவெடுக்க ஆண்டுகள் பிடித்தன. ஆனால் இப்படி யோசியுங்கள்: 1990இல் ஒரு மாணவருக்கு வலைப்பின்னல் மென்பொருள் எழுதிப் பார்க்க ஆசை வந்தால், ஒரு பக்கம் ஆவணம் கையில் இருக்கிறது, இன்னொரு பக்கம் ஆவணத்தை வாங்க ஆறு மாத உதவித்தொகை வேண்டும். அவர் எதை எழுதிப் பார்ப்பார்? அப்படி எழுதிப் பார்த்த ஆயிரக்கணக்கானவர்கள் பிறகு வேலைக்குப் போன இடங்களில் எதைக் கொண்டுபோனார்கள்?

ஐ.டி.யூ. உடனே பாடம் கற்றுக்கொள்ளவில்லை. கொஞ்ச காலம் ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்று ஆவணம் இலவசம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. நானே வெவ்வேறு மின்னஞ்சல் முகவரிகளில் நண்பர்களைப் பதிவுசெய்யச் சொல்லி, மூன்று மூன்றாகச் சேர்த்திருக்கிறேன். கடைசியில் 2007 ஜனவரியில் தொலைத்தொடர்புத் தர ஆவணங்களைச் சோதனையாகத் திறந்தார்கள். முதல் பத்து மாதத்தில் இருபது லட்சம் பதிவிறக்கம். அதே ஆண்டிலேயே நிரந்தரமாக்கினார்கள். பதினாறு ஆண்டு கழித்து, புரூனோ சொன்னதையே செய்தார்கள்.

ஏன் நின்றுபோகவில்லை? ஐ.டி.யூ.வின் பணம் பெரும்பாலும் உறுப்பு நாடுகளும், உறுப்பினராகச் சேரும் நிறுவனங்களும் கட்டும் பங்களிப்பிலிருந்து வருகிறது. ஆவண விற்பனை மொத்த வரவில் ஒரு சிறு பகுதி. அதை இழந்தார்கள், அதற்குப் பதிலாக அவர்களுடைய ஆவணங்களை உலகம் படிக்க ஆரம்பித்தது.

இப்போது தலைப்பில் சொன்ன இரண்டு வாசலுக்கு வருகிறேன். ஜேபெக் படங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் மூல ஆவணம் 1992இல் ஐ.டி.யூ.வும் ஐ.எஸ்.ஓ.வும் சேர்ந்து உருவாக்கியது. ஐ.டி.யூ.வில் அதன் பெயர் டி.81 (T.81). ஐ.எஸ்.ஓ.வில் 10918-1. இரண்டும் ஒரே வாசகம் என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. டி.81 என்று தேடினால் காசில்லாமல் கிடைக்கும். 10918-1 என்று தேடினால் கடன் அட்டை கேட்பார்கள். எக்ஸ்.509 ஆவணத்துக்கும் ஐ.எஸ்.ஓ. பக்கத்தில் ஒரு இரட்டைப் பிறவி உண்டு, 9594-8. ஒரே நிபுணர்கள், ஒரே கூட்டம், ஒரே எழுத்து. ஒரு வாசலில் காவலாளி இல்லை, இன்னொரு வாசலில் நுழைவுச்சீட்டு. விலை இல்லையென்றால் ஆவணத்தின் தரம் கெடும் என்று யாராவது சொன்னால், இந்த ஜோடியைக் காட்டி, எந்த வரி கெட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள்.

பி.டி.எஃப். கதை இன்னும் வேடிக்கையானது. அது அடோபி என்ற ஒரே நிறுவனத்தின் சொத்தாக இருந்தபோது விவரக்குறிப்பு இலவசம். 2008இல் ஐ.எஸ்.ஓ. 32000-1 ஆனபோதும் அடோபி பேசி ஏற்பாடு செய்து ஒரு இலவசப் பிரதியைத் தன் தளத்தில் வைத்தது. 2017இல் இரண்டாம் பாகம் முழுக்க ஐ.எஸ்.ஓ.வுக்குள்ளேயே தயாராகி வந்தது. உடனே விலை ஏறியது, சுமார் இருநூறு பிராங்க். ஆக, ஒரு கம்பெனியின் கையில் இருந்தவரை எல்லோரும் படித்தார்கள், உலகத்தின் பொதுச் சொத்தானதும் படிக்க முடியவில்லை. 2023இல் பி.டி.எஃப். சங்கம் சில நிறுவனங்களின் உதவியோடு அதற்கான பணத்தைக் கட்டி மறுபடியும் இலவசமாக்கியது.

சரி, ஐ.எஸ்.ஓ. பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அது அரசுகளின் அமைப்பு இல்லை. பிரிட்டனின் பி.எஸ்.ஐ., ஜெர்மனியின் டின், இந்தியாவின் பி.ஐ.எஸ். என்று நாட்டுக்கு ஒன்றாக உள்ள தர அமைப்புகளின் கூட்டமைப்பு. இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் தர ஆவணங்கள் அதனிடம் இருக்கின்றன. செலவு இருக்கத்தான் செய்கிறது: கூட்டம் நடத்த, வரைவைச் சுற்றுக்கு விட, வாக்கெடுக்க, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம் தேவையா என்று பார்க்க. உறுப்பினர் சந்தாவும் ஆவண விற்பனையும்தான் வரவு. டின், பி.எஸ்.ஐ. மாதிரியான அமைப்புகளுக்கும் விற்பனை பெரிய வருமானம். நாளைக்கே நிறுத்து என்றால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். இதை மறுப்பது நேர்மை இல்லை.

இன்னொரு வாதமும் உண்டு, எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வாங்குபவர் காசு கொடுக்காவிட்டால் எழுதுபவர் காசு கொடுப்பார். அப்போது பெரிய கம்பெனிகளின் விருப்பப்படி ஆவணம் எழுதப்படும் என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் குழுவில் உட்கார்ந்து பார்த்தவனாகச் சொல்கிறேன், அந்த நிலைமை இப்போதே இருக்கிறது. தர ஆவணத்தை எழுதும் நிபுணர்களுக்கு ஐ.எஸ்.ஓ. சம்பளம் தருவதில்லை. அவர்களுடைய கம்பெனியோ, பல்கலைக்கழகமோ, அரசுத் துறையோ விமானச் சீட்டும் போட்டு அனுப்புகிறது. ஆவணத்தின் உண்மையான உழைப்புக்கான காசு அப்படித்தான் வருகிறது. ஒரு சின்ன ஊர்ப் பட்டறைக்காரர் கட்டும் பதினைந்தாயிரம் அந்த நிபுணருக்குப் போவதில்லை. செயலகத்துக்குப் போகிறது. எனவே கேள்வி, செயலகத்தின் செலவை யார் ஏற்பது என்பது மட்டும்தான்.

அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை மற்றவர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். கைபேசித் தொழில் முழுக்க 3ஜி.பி.பி. ஆவணங்களில் ஓடுகிறது, 5ஜி வரை எல்லாம் இலவசம், செலவு உறுப்பினர் கட்டணத்தில். ஐரோப்பாவின் எட்சி, வலைக்கான டபிள்யூ.3.சி. இரண்டும் அப்படியே. வைஃபை, ஈதர்நெட் ஆவணங்களான ஐ.இ.இ.இ. 802 வரிசை, வெளியாகிச் சில மாதம் கழித்து இலவசமாகிவிடும். இணையப் பொறியியல் பணிக்குழு, அதாவது ஆர்.எஃப்.சி.க்களை வெளியிடும் ஐ.இ.டி.எஃப்., கூட்டக் கட்டணத்திலும் இன்டர்நெட் சொசைட்டி தரும் பணத்திலும் நடக்கிறது. அந்த சொசைட்டிக்குப் பணம் ".ஆர்க்" பெயர்களின் பதிவிலிருந்து வருகிறது.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆவணம் இலவசம் என்றால் அதில் உள்ள நுட்பமும் இலவசம் என்று பொருள் இல்லை. எச்.264 ஆவணத்தை நீங்கள் சும்மா படிக்கலாம். அதன்படி கருவி செய்து விற்றால் காப்புரிமை வைத்திருப்பவர்களுக்கு உரிமத் தொகை கட்ட வேண்டி வரலாம். அது வேறு சண்டை. நான் பேசுவது படிக்கும் உரிமை பற்றி மட்டும்.

ஆவணத்தைப் பூட்டி வைப்பதால் வரும் கெடுதலை நேரில் பார்த்திருக்கிறேன். என் முதல் வேலையில் எங்கள் குழுவுக்குத் தேவையான ஆவணம் ஒரே ஒரு பிரதி, மேலாளர் அலமாரியில் பூட்டியிருக்கும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அதனால் என்ன நடக்கும்? எல்லோரிடமும் எப்போதோ எடுத்த ஒரு ஜெராக்ஸ் இருக்கும். அதைப் பார்த்துத்தான் நிரல் எழுதினோம். வேறொரு நிறுவனத்தின் கருவியோடு இணைத்துச் சோதித்தபோது ஒரு செய்தி மட்டும் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது. ஒரு வாரம் இரவு பகலாகத் தேடினோம். கடைசியில் பார்த்தால் எங்கள் ஜெராக்ஸ் பழைய பதிப்பு. அவர்கள் கருவி புதிய பதிப்பின்படி நடந்தது. இடையில் ஒரு புலத்தின் நீளம் மாறியிருந்தது. எங்களுக்குப் போனது ஒரு வாரத் தூக்கம். இதே விஷயம் ஒரு லிஃப்டின் கம்பிவடத்திலோ குழந்தைகள் மருத்துவமனை மின்சாதனத்திலோ நடந்தால்?

இன்னொன்று, ஒரு ஆவணத்தோடு முடிவதில்லை. உள்ளே இரண்டாவது பிரிவைத் திறந்தால் "இதைப் பின்பற்ற இன்னின்ன ஆவணங்களும் இன்றியமையாதவை" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ளவற்றைத் திறந்தால் இன்னொரு பட்டியல். ஒன்றை வாங்கினால் பத்தை வாங்க வேண்டும். அதனால்தான் சி, சி++ நிரலாளர்கள் விற்பனைக்கு உள்ள ஐ.எஸ்.ஓ. ஆவணத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு முந்தைய கடைசி வரைவு குழுவின் தளத்தில் இலவசமாக இருக்கிறது; சி11க்கு என்1570 என்று எண் சொன்னால் துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். உலகத்தின் முக்கியமான ஒரு மொழிக்கு எழுதப்படும் கம்பைலர்கள் வரைவைப் பார்த்து எழுதப்படுகின்றன.

இதுவரை சொன்னது வசதி பற்றியது. சட்டம் உள்ளே வந்தால் பேச்சே மாறுகிறது. தர ஆவணங்கள் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்றுதான் பிறக்கின்றன. பிறகு ஒரு அரசு, "இந்த எண் கொண்ட தரத்தின்படி இல்லாவிட்டால் விற்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதுகிறது. அந்த நிமிடம் அது சட்டத்தின் ஒரு பகுதி. சட்டத்தைப் படிக்கக் காசு கேட்கலாமா?

டப்ளினில் பாலிமன் என்ற இடத்தில் இளைஞர்களுக்காக ஒரு கட்டடம் கட்டினார்கள். கொஞ்ச காலத்தில் கட்டடத்தில் விரிசல் விட்டது. அடியில் போட்ட ஜல்லியில் பைரைட் என்ற கனிமம் இருந்ததுதான் காரணம். ஜல்லி ஐரோப்பியத் தரத்தின்படி இருந்ததா என்ற வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2016இல் அந்த நீதிமன்றம், இப்படிப்பட்ட இணக்கப்படுத்தப்பட்ட தரங்கள் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் பகுதியே என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மாலமுட்டின் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பும் அயர்லாந்தின் ரைட் டு நோ அமைப்பும் நான்கு ஆவணங்களைக் கேட்டன. அவற்றில் மூன்று குழந்தைகளின் பொம்மைப் பாதுகாப்பு பற்றியவை, ஒன்று மேல்பூச்சுள்ள பொருட்களிலிருந்து கசியும் நிக்கல் பற்றியது. 2018இல் கேட்டது. ஐரோப்பிய ஆணையம் மறுத்தது, கீழ் நீதிமன்றமும் 2021இல் மறுத்தது. 2024 மார்ச் 5ஆம் தேதி பெரிய அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, இவற்றை வெளியிடுவதில் பொதுநலன் மேலோங்குகிறது என்று சொன்னது. தன் குழந்தை வாயில் வைக்கும் பொம்மையில் என்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு தாய் தெரிந்துகொள்ள ஏறத்தாழ ஆறு வருடப் போராட்டம்.

அமெரிக்காவிலும் இதே போராட்டம் வெகுகாலமாக நடக்கிறது. டெக்சாஸில் இரண்டு சின்ன ஊர்களின் கட்டட விதிகளை ஒருவர் தன் இணையப் பக்கத்தில் போட்டதற்காக நடந்த வழக்கில், சட்டமாக ஏற்கப்பட்ட பிறகு அதற்குப் பதிப்புரிமை செல்லாது என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2023இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தில் சேர்க்கப்பட்ட தரங்களை லாப நோக்கமின்றி வெளியிடுவது நியாயமான பயன்பாடு என்று பப்ளிக் ரிசோர்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். சிவில் படித்தவர்களுக்கு ஐ.எஸ். 456 கோடு புக் தெரியும்; கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம். பரீட்சை மண்டபத்துக்கே கொண்டுபோகலாம். ஆனால் எத்தனை மாணவர்களிடம் அசல் இருந்தது? கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டது, மூன்று சீனியர்கள் கைமாறி வந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்றது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் ஹெல்மெட் விற்கக் கூடாது என்று அரசு சொல்கிறது; பாட்டில் தண்ணீருக்கும் 2024 வரை அதே விதி இருந்தது. அந்த முத்திரைக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் காசு கேட்டது.

மாலமுட் இந்தியத் தரங்களைக் காசு கொடுத்து வாங்கி, சுமார் பத்தொன்பதாயிரம் ஆவணங்களை இணையத்தில் ஏற்றினார். பி.ஐ.எஸ். அவருடைய சந்தாவைப் புதுப்பிக்க மறுத்தது. 2015இல் அவரும், சட்டங்களையும் தீர்ப்புகளையும் தேட உதவும் இந்தியன் கானூன் தளத்தை நிறுவிய சுஷாந்த் சின்ஹா உள்ளிட்டோரும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். பிறகு 2021இல் பி.ஐ.எஸ். தானே முன்வந்து, தான் உருவாக்கிய தரங்களை இலவசமாகப் பதிவிறக்கலாம் என்று அறிவித்தது. உங்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம். இன்றும் மாணவர்கள் ஸ்பைரல் ஜெராக்ஸோடு வருகிறார்கள். பி.ஐ.எஸ். தளத்தில் பதிவுசெய்து ஐ.எஸ். 456ஐத் தேடுங்கள், குடிநீருக்கான ஐ.எஸ். 10500ஐத் தேடுங்கள். புதிய பதிப்பு, திருத்தங்களோடு கிடைக்கும்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. அல்லது மின்துறைக்கான பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.இ.சி.யின் ஆவணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு ஐ.எஸ். எண் கொடுத்த தரங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. மூலத்தின் உரிமை ஜெனீவாவில் இருக்கிறது. பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் இந்தியாவில் பொம்மை விற்க ஐ.எஸ். 9873 கட்டாயம், அதன் முதல் பகுதி ஐ.எஸ்.ஓ. 8124-1இலிருந்து வந்தது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொம்மைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு கிடைக்காத சின்னத் தயாரிப்பாளருக்கு? விதி டெல்லியிலிருந்து வருகிறது, விதியின் வாசகம் ஜெனீவாவில் இருக்கிறது. இந்திய அரசு தன் பொறுப்பில் ஒரு மொத்தத் தொகை பேசி, கட்டாயமாக்கிய எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டாயமாக்குகிறவர்தான் அந்தச் செலவை ஏற்க வேண்டும்.

முடியாது என்று சொல்லவும் இனி வழியில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது ஐரோப்பியத் தர அமைப்புகள் முகக்கவசம், கையுறை போன்றவற்றுக்கான ஆவணங்களைச் சில நாட்களில் இலவசமாக்கின. துணிக்கடைகளும் சின்ன ஆலைகளும் அவற்றைப் பார்த்துத் தயாரிப்பில் இறங்க முடிந்தது. 2003இல் நாடு, நாணயம், மொழிக் குறியீடுகளை மென்பொருளில் பயன்படுத்தக் கட்டணம் கேட்கலாமா என்று ஐ.எஸ்.ஓ.வில் ஒரு பேச்சு எழுந்தது. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ உட்படப் பலர் எதிர்த்தார்கள். அந்தக் குறியீடுகள் இலவசமாகவே இருக்கும் என்று ஐ.எஸ்.ஓ. உறுதி கொடுத்தது. தமிழ் என்று ஒரு கணினிக்குச் சொல்ல இரண்டெழுத்துக் குறியீட்டுக்கு நாம் யாருக்கும் காசு கட்டாமல் இருப்பது அன்றைக்கு எழுந்த எதிர்ப்பினால்.

தமிழ் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. யூனிகோடு ஆவணம் முழுக்க இலவசம், அதன் ஐ.எஸ்.ஓ. இணையான 10646உம் இலவசம். கோலாலம்பூரிலும் டொரண்டோவிலும் மதுரையிலும் இருந்த ஆர்வலர்கள் வேலை நேரம் போக மீதி நேரத்தில் எழுத்துருவும் விசைப்பலகையும் செய்ய முடிந்தது, அவர்களிடம் ஆவணம் இருந்ததால்தான். மாறாக, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை ரோமன் எழுத்தில் பெயர்க்கும் விதியான ஐ.எஸ்.ஓ. 15919 இன்னும் விலைக்குத்தான். ழகரத்துக்கு அடியில் கோடா புள்ளியா என்று அதன் மூலத்தைப் பார்த்து உறுதிசெய்ய ஒரு தமிழாசிரியர் ஜெனீவாவுக்குப் பணம் கட்ட வேண்டும். பெரும்பாலானோர் வேறு யாரோ போட்ட அட்டவணையைப் பார்த்தே எழுதுகிறோம்.

இனி உங்கள் ப்ராஜெக்டுக்கு. முதலில் அந்த ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு ஐ.டி.யூ. ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். தொலைத்தொடர்பு, படம், வீடியோ, பாதுகாப்பு சார்ந்ததென்றால் இருக்க வாய்ப்பு அதிகம். ஐ.எஸ்.ஓ.வே பொதுவில் வைத்திருக்கும் இலவச ஆவணங்களின் பட்டியல் ஒன்று உண்டு, அதையும் பாருங்கள். அதன் உலாவுதளத்தில் (Online Browsing Platform) எந்த ஆவணமானாலும் நோக்கம், சொல் விளக்கங்கள் வரை காசில்லாமல் படிக்கலாம். பல நேரம் ப்ராஜெக்ட் அறிக்கைக்கு அதுவே போதும், வாங்கத் தேவையா என்றும் அதிலேயே தெரிந்துவிடும். இந்தியத் தரம் தனியாக இருந்தால் பி.ஐ.எஸ். தளம். அப்புறம் உங்கள் கல்லூரி நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்கி வைத்துவிட்டு யாரும் கேட்காமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பி.ஐ.எஸ். வரைவுகளைப் பொதுக் கருத்துக்காக வெளியிடும்போது மாணவராக இருந்தாலும் நீங்கள் கருத்து அனுப்பலாம்.

ஆவண எண்ணை நீங்கள் எழுதவில்லை. எழுதினால், அதற்கு இலவச வாசல் ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.